கன்கஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது? மூளையை உலுக்குவதும் மடியை உலுக்குவதும்

ஏட்டுக்கணக்கன் (பதிவு 1)

வணக்கம் நண்பர்களே. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கை கொடுங்கள்.

பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர்களுக்காக இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதித் தரும் வேலை. தலையில் அடிபட்ட பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்பதுதான் விஷயம். மூலத்தில் வரிக்கு வரி கன்கஷன், அதாவது அடிபட்டதில் மூளை ஆடிப்போய்த் தடுமாறும் நிலை. நானும் அகராதியைப் பார்த்து 'மூளை அதிர்ச்சி' என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

டெல்டா பக்கம் பி.டி. மாஸ்டராக இருக்கும் நண்பர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போயிருக்கிறார். கபடியில் இரண்டு பையன்கள் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நேராக எதிரணிப் பக்கம் போய் அவர்களோடு கை கோத்து நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டருக்கு மட்டும் சந்தேகம். என் துண்டறிக்கையைப் பார்த்து, "தம்பி, மூளை அதிர்ச்சி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். பையன் சொன்ன பதில்: "இல்ல சார், நான் ஒண்ணும் அதிர்ச்சி ஆகல." சொல்லிவிட்டு அடுத்த ரெய்டுக்குக் கிளம்பிவிட்டான்.

மாஸ்டர் காகிதத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஓரத்தில் பேனாவால், "சொல்லை மாத்துங்க."

சரி, எதாக மாற்றுவது? அதற்கு முன்னால் கன்கஷன் என்ற சொல்லே எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது.

---

குறுக்குமட்டை (பதிவு 2)

அப்படியே 'கன்கஷன்' என்றே விட்டுவிடுங்களேன். கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு அது இப்போது தமிழ்ச் சொல்தான். தலையில் அடிபட்டு கன்கஷன் ஆனவருக்குப் பதில் வேறு ஆள் இறங்கி ஆடலாம் என்ற விதியை 2019 ஆகஸ்டில் ஐசிசி கொண்டுவந்தது, அதே மாதம் லார்ட்ஸில் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவுக்கு ஹெல்மெட்டில் அடி, பதிலுக்கு வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனாகவும் ஆனார். 2025 ஜனவரியில் புனேவில் துபேக்குப் பதில் ஹர்ஷித் ராணா வந்தபோது நடந்த சண்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆல்ரவுண்டருக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளரா என்று பட்லர் பொங்கினார். எங்கள் தெருவில் டென்னிஸ் பந்து ஆடுகிற பொடியன்கள்கூட அவுட் ஆனதும் "எனக்கு கன்கஷன், இவன் ஆடுவான்" என்கிறான்கள்.

---

ஏட்டுக்கணக்கன் (பதிவு 3)

அதுதான் பயமே. அவர்களுக்கு அது 'ஆள் மாற்றும் விதி'. நோயின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

---

லாஷப்பெல்_மாலா (பதிவு 4)

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வந்த புதிதில், பிரெஞ்சு வகுப்புக்காகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊர் மேயர் மீது 'கோன்க்யுசியோன்' வழக்கு என்று போட்டிருந்தது. ஐயோ பாவம், மேயருக்கு மண்டையில் அடியா, அதற்கு எதற்கு அவர் மேலேயே வழக்கு என்று குழம்பி, வகுப்பில் போய்க் கேட்டேன். மொத்த வகுப்பும் சிரித்தது.

பிரெஞ்சில் அந்தச் சொல் அரசு ஊழியர் செய்கிற குற்றத்தின் பெயர். வரி, கட்டணம் என்று சொல்லிக்கொண்டு, வரவேண்டியதில்லை என்று தெரிந்தே பணம் வாங்குவது, அல்லது வரவேண்டியதற்கு மேல் வாங்குவது. குற்றவியல் சட்டத்தில் 432-10 ஆம் பிரிவு, 5 ஆண்டு சிறையும் 5 லட்சம் யூரோ அபராதமும். மண்டை அடிக்கு இங்கே 'கொமோசியோன் செரெப்ரால்' என்று வேறு பெயர் இருக்கிறது.

ஒரே எழுத்து, ஒரே லத்தீன் வேர் என்று ஆசிரியை சொன்னார். ஆனால் மண்டை அடியும் மாமூலும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்று அவரும் விளக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

---

குருமடத்து_அந்தோணி (பதிவு 5)

மாலா தங்கச்சி கேட்டதற்கு இந்தக் கிழவன் பதில் சொல்லலாம். ஆறு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்து, பூசை வைக்காமல் வெளியே வந்தவன் நான். மிச்சம் இருப்பது லத்தீன் மட்டும்தான்.

'குவாத்தெரே' என்றால் உலுக்கு, ஆட்டு. முன்னால் 'சேர்த்து', 'முழுக்க' என்ற பொருளில் 'கொன்' ஒட்டினால் 'கொன்குத்தெரே'. பிடித்து ஒரேயடியாக உலுக்குவது. அதன் பெயர்ச்சொல் 'கொன்குஸ்ஸியோ'. இதில் மூளையும் இல்லை, மண்டையும் இல்லை. நிலம் உலுங்கினாலும் ரோமானியன் அதைத்தான் சொன்னான்.

எதை உலுக்கினாலும் ஏதாவது ஒன்று உதிரும் அல்லவா. மனுஷனைப் பிடித்து உலுக்கினால் காசு உதிரும். அதிகாரி மக்களை உலுக்குவது ரோமச் சட்டத்தில் தனிக் குற்றம். 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் தொகுத்து வெளியிட்ட சட்டத் திரட்டில் 47 ஆம் புத்தகத்தின் 13 ஆம் தலைப்பு முழுக்க இதுதான். 'ஆளுநர் உத்தரவு' என்று பொய் சொல்லி மிரட்டிப் பிடுங்கியிருந்தால், பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும், ஆளையும் தண்டிக்க வேண்டும் என்கிறது.

இன்னொன்று. லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம் 14 ஆம் வசனத்தில் போர்ச்சேவகர்கள் யோவானிடம் வந்து "நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேட்பார்கள். தமிழில் 'ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும்' என்று இருக்கும், எல்லாரும் அதைப் பொதுவான நல்லுரையாகப் படித்துவிட்டுப் போவோம். லத்தீனில் அந்த இடத்தில் நிற்கும் வினை இதே 'கொன்குத்தெரே'. 'யாரையும் உலுக்காதே' என்பதுதான் சொல்லுக்குச் சொல் பொருள். அடுத்து வருவதையும் பாருங்கள்: பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு. மாமூல் வாங்கும் சிப்பாய்க்குச் சொன்ன அறிவுரை இது.

மூலமான கிரேக்கத்திலும் 'செய்யோ', அதாவது ஆட்டு, குலுக்கு என்ற வினைதான் உள்ளே இருக்கிறது. பூகம்பத்தை அளக்கும் 'சீஸ்மோகிராஃப்' வருவதும் அதிலிருந்துதான். இதே வினையை ஹிப்போக்ரடிஸ் மரபின் மருத்துவச் சூத்திரங்களில், ஏழாம் பகுதி 58 ஆவதில், மூளைக்குச் சொல்லியிருக்கிறது. எந்தக் காரணத்தால் மூளை உலுக்கப்பட்டாலும் அந்த ஆள் உடனே பேச்சிழப்பான் என்று. ஆக மூளையை உலுக்குவதும் ஆளை உலுக்கிப் பறிப்பதும் லத்தீனுக்கு முன்பே, கிரேக்கத்திலேயே, ஒரு வேரில் நின்ற இரண்டு கிளை. லூக்காவை வைத்தியர் என்று வேறு சொல்வார்கள். சும்மா சொல்லி வைத்தேன்.

---

கொல்லிமலைத்_தேன் (பதிவு 6)

அந்தோணி ஐயா, புளியமரம்! எங்கள் ஊரில் குத்தகைக்காரர் ஆளை ஏற்றிக் கிளையை உலுக்குவார். கீழே சாக்கை விரித்துப் பொம்பளைகள் நிற்பார்கள். உலுக்க உலுக்கப் பழம் சடசடவென்று விழும், கூடவே ஒரு ஓணானும் விழும். மரம் மறுநாள் வரைக்கும் இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இனிமேல் யாராவது கன்கஷன் என்றால் எனக்கு அந்த மரம்தான் ஞாபகம் வரும்.

---

கோர்ட்டு_வாசல் (பதிவு 7)

தொழில் வக்கீல் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. இத்தாலியில் இன்றைக்கும் 'கொன்குஸ்ஸியோனே' உயிரோடு இருக்கிறது. குற்றவியல் சட்டம் 317, 6 முதல் 12 ஆண்டு சிறை. லஞ்சத்துக்கும் இதற்கும் அங்கே கோடு கிழித்திருக்கிறார்கள். லஞ்சத்தில் கொடுப்பவன், வாங்குபவன் இரண்டு பேரும் குற்றவாளி. கொன்குஸ்ஸியோனேயில் அதிகாரி பதவியைக் காட்டி மிரட்டி வாங்குகிறான், அதனால் கொடுத்தவன் பாதிக்கப்பட்டவன். 2012-இல் சட்டத்தைத் திருத்தி, நெருக்கிப் பிடுங்குவது ஒரு பிரிவு, நைசாகப் பேசி வாங்குவது இன்னொரு பிரிவு என்று பிரித்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்தக் கோடு வேறு விதமாக வந்தது. 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவன் 7 நாளுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட்டால் அவன் மேல் அந்தக் குற்றம் வராது. ரோமானியன் பாஷையில் சொன்னால், 'உலுக்கப்பட்டவன்' என்று நிரூபித்துக்கொள்ள 7 நாள்.

தமிழில் இதற்கெல்லாம் நாம் உலுக்குவதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கறக்கிறான், பிழிகிறான், சுரண்டுகிறான், பிடுங்குகிறான். மாடு, கரும்பு, தேங்காய், களை. விவசாயி பாஷை.

---

லாஷப்பெல்_மாலா (பதிவு 8)

அந்தோணி ஐயா, பத்து வருடச் சந்தேகம் தீர்ந்தது. வக்கீல் சார், இங்கே பிரெஞ்சுச் சட்டத்தில் மிரட்டல் இருக்க வேண்டும் என்றே இல்லை. கூடுதலாக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினாலே போதும். ஒரே தாய்ச்சொல், இரண்டு பிள்ளைகள் இரண்டு குணம்.

---

வார்டு_நம்பர்_4 (பதிவு 9)

அரசு மருத்துவர். நைட் ட்யூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பற்றி முதலில். கன்கஷனையும் கண்ட்யூஷனையும் குழப்பிக்கொள்கிறவர்கள் படித்தவர்களிலேயே அதிகம். என் சொந்தச் சித்தப்பா பையனுக்கே இது நடந்தது. பைக்கில் விழுந்தான், ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கண்ட்யூஷன் என்று இருந்ததை வீட்டில் எல்லாரும் கன்கஷன் என்று படித்து, "ரெண்டு நாள் ரெஸ்ட் போதுமாம்" என்று ஊருக்குக் கூட்டிப் போகப் பார்த்தார்கள். யதேச்சையாக எனக்கு போட்டோ அனுப்பியதால் தெரிந்தது. கண்ட்யூஷன் என்றால் இடித்து நசுக்கியது, அதாவது மூளைத் திசுவே கன்றிப்போய் ரத்தம் கசிந்திருப்பது. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியும். கன்கஷனில் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். 'ஸ்கேன் நார்மல், ஒன்றுமில்லை' என்று ஆட்கள் கிளம்பிவிடுவது அதனால்தான். உடையவில்லை, கிழியவில்லை, ஆனால் வேலை கெட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பழையவர்கள் ஸ்கேன் இல்லாமலே பிடித்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பத்தாம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்த பாரசீக வைத்தியர் அல்-ராஸி, பின்னால் மிலானிலிருந்து பாரிஸுக்குப் போன லான்ஃபிராங்க் (அறுவை மருத்துவம் பற்றிய அவருடைய பெரிய நூல் 1296-இல் முடிந்தது), இவர்கள் எல்லாம் மண்டை உடையாமலே மூளை மட்டும் ஆடிப்போய், பிறகு தெளிகிற நிலை ஒன்று இருப்பதைத் தனியாகச் சொன்னார்கள். பாரிஸ் தோழி சொன்ன 'கொமோசியோன்' அந்த வரிசையில் வருவது. அதற்கும் ஆட்டம், அசைவு என்றுதான் பொருள்.

உள்ளே என்ன நடக்கிறது? 1943-இல் ஹோல்போர்ன் என்ற ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் மண்டை ஓட்டு வடிவத்துக்குள் ஜெலட்டினை ஊற்றி மாதிரி மூளை செய்து பார்த்தார். நேராகத் தள்ளினால் ஜெலட்டினுக்கு அவ்வளவு சேதமில்லை. சட்டென்று திருப்பினால் உள்ளே அடுக்கடுக்காக இழுபடுகிறது. கடல்பாசி வைத்த கிண்ணத்தை வீட்டில் திருப்பிப் பாருங்கள், கிண்ணம் நின்ற பிறகும் உள்ளே இருப்பது சுற்றப் பார்க்கும். தாடையில் பக்கவாட்டில் விழுகிற குத்துக்கு ஆள் சாய்வதும் இதனால்தான்.

நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்பது தவறு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நினைவு தப்புவதே இல்லை. உடனே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. பதிவு 2-இல் சொன்ன ஸ்மித்தையே பாருங்கள், கழுத்தில் அடி வாங்கி, வெளியே போய், அன்றைக்கே திரும்பி வந்து பேட் பிடித்தார். மறுநாள்தான் ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள்.

துண்டறிக்கையில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள். 'அன்றைக்கே திரும்ப ஆடக் கூடாது' என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். வாந்தி, மோசமாகிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் பலவீனம் இருந்தால் மாஸ்டர் யோசிக்கவே வேண்டாம், வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

---

இனிப்பு_உருண்டை (பதிவு 10)

ஹோமியோபதியில் மருந்தைக் குலுக்கிக் குலுக்கி வீரியம் ஏற்றுவதை 'சக்கஷன்' என்பார்களே, அதுவும் இதே குடும்பமா?

---

குருமடத்து_அந்தோணி (பதிவு 11)

அதே குடும்பம்தான் தம்பி. கீழிருந்து குலுக்குவது. மார்பில் நீரும் காற்றும் சேர்ந்து நிற்கிற நோயாளியின் தோளைப் பிடித்துக் குலுக்கி, 'சளக்' என்ற சத்தத்தைக் கேட்பது கிரேக்க வைத்தியர் முறை, அதற்கும் அதுதான் பெயர். குடும்பம் பெரிது. பெர்கஷன், தட்டி ஒலிப்பது, தவில் மிருதங்கமெல்லாம் அதில் வரும். ரிப்பர்கஷன், திருப்பி அடிக்கும் விளைவு. 'ரெஸ்க்யூ' கூட உள்ளே இருப்பதை உதறி வெளியே எடுப்பதுதான்.

அப்புறம் 'டிஸ்கஷன்'. உலுக்கி உதிர்ப்பது, சிதறடிப்பது. நாம் இந்த இழையில் செய்துகொண்டிருப்பது அதுதான்.

---

மட்டுறுத்துநர் (பதிவு 12)

டிஸ்கஷன் தொடரட்டும். ஹோமியோபதி பலிக்குமா பலிக்காதா என்ற டிஸ்கஷன் மட்டும் இங்கே வேண்டாம், அதற்கு ஏற்கனவே 3 இழை பூட்டிக் கிடக்கிறது.

---

வல்வை_மைந்தன் (பதிவு 13)

நான் யாழ்ப்பாணம், இப்ப வெளியில. அதிர்ச்சி என்ற சொல்லை டெல்டாப் பையன் மனசோடு மட்டும் சேர்த்துக் கேட்டான். எங்களுக்கு அது அப்படியில்லை. சின்ன வயதில், சண்டை நேரம், பங்கருக்குள் (பதுங்குகுழி) குந்தியிருப்போம். செல் (பீரங்கிக் குண்டு) கிட்ட விழுந்தால் முதல் வருவது சத்தமில்லை, மண் தான் உதிரும். பங்கரின் மேல் போட்ட பனங்குற்றி இடுக்கால மண் தலையில் கொட்டும், பிறகு காது அடைத்து ஒரு 'ங்' மட்டும் கேட்கும். அம்மா வாயசைப்பது தெரியும், குரல் கேளாது. ஒரு காயமும் இராது. ஆனாலும் பக்கத்து வீட்டு அண்ணா ஒருவர் இரண்டு நாள் தன் பெயரைக் கேட்டால் யோசித்துத்தான் சொன்னார். 'செல்லதிர்ச்சி' என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, முதல் உலகப் போரில் இதே சிக்கல் இருந்திருக்கிறது. 1915-இல் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ இதழில் எழுதினார். குண்டின் அதிர்வு மூளையை உலுக்கியதா, இல்லை பயம் மனதை உலுக்கியதா என்று சண்டை. பிரிட்டிஷ் படை இரண்டு எழுத்தால் பிரித்தது, எதிரி குண்டால் என்றால் 'காயம்', இல்லையென்றால் 'நோய்'. காயம் என்று எழுதினால் சட்டைக்கையில் பட்டி, பென்ஷன். நோய் என்று எழுதினால் அது இல்லை. ஒரு எழுத்துக்குள்ள ஒரு ஆளின் மானம்.

அதனால் 'அதிர்ச்சி'யை முழுதாகத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை.

---

ஏட்டுக்கணக்கன் (பதிவு 14)

வல்வை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் தட்டச்சு செய்யவில்லை.

'அதிர்' பழைய பொருளில் நடுக்கம்தான். 'எதிரதாக் காக்கும்' குறளில் 'அதிர வருவதோர் நோய்' என்று வருகிறதே, பரிமேலழகர் 'நடுங்க' என்றுதான் உரை சொல்கிறார். நில அதிர்வு என்றால் இன்றைக்கும் நிலம் ஆடுவதுதான். ஆனால் 'அதிர்ச்சி' மட்டும் நம் ஊரில் டிவி செய்திக்காரர்கள் கையில் சிக்கிவிட்டது. 'அதிர்ச்சித் தகவல்', 'ரசிகர்கள் அதிர்ச்சி'. பையனைக் குற்றம் சொல்ல முடியாது.

'மூளை அதிர்வு' என்று போடலாமா என்று பார்த்தேன். செல்போன் நினைவு வருகிறது. 'மூளைக் குலுக்கம்' சரியான மொழிபெயர்ப்பு, ஆனால் லாட்டரிச் சீட்டு மாதிரி இருக்கிறது.

---

கொல்லிமலைத்_தேன் (பதிவு 15)

ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? பொறி கலங்கிப்போச்சு என்று எங்கள் அப்பத்தா சொல்லும். முடிந்தது.

---

குறுக்குமட்டை (பதிவு 16)

அட! ஆனால் அந்தப் பொறி தீப்பொறிதானே? கண்ணில் பொறி பறந்தது என்கிறோமே. தீப்பொறி எப்படிக் கலங்கும்?

---

ஏட்டுக்கணக்கன் (பதிவு 17)

அது வேறு பொறி, இது வேறு பொறி. பறப்பது தீப்பொறி. கலங்குவது ஐம்பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்று குறளில் வருமே, அந்தப் பொறி. குளத்தில் எருமை இறங்கினால் தண்ணீர் கலங்குகிற மாதிரி ஐந்து பொறியும் கலங்கிவிட்டது என்கிறாள் அப்பத்தா. பார்வை மங்கல், காதில் இரைச்சல், வாய் குழறல், கால் தள்ளாட்டம். டாக்டரின் அறிகுறிப் பட்டியல் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. குளம் உடையவில்லை, தண்ணீரும் குறையவில்லை, கலங்கியிருக்கிறது. எருமை மறுபடி இறங்காமல் பார்த்துக்கொண்டால் தெளியும்.

லத்தீன்காரன் உலுக்குகிறவனின் கையைப் பார்த்துப் பெயர் வைத்தான், நம்மவர்கள் உலுக்கிய பிறகு உள்ளே இருக்கும் நிலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தலைப்பில் 'கன்கஷன்', அடுத்த வரியிலேயே 'தலையில் அடிபட்டுப் பொறி கலங்குதல்' என்று மாற்றி மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன்.

---

வார்டு_நம்பர்_4 (பதிவு 18)

குளம் உவமை நன்றாக இருக்கிறது, வார்டில் திருடிக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்கும்போது 'பொறி கலங்குச்சா' என்று மட்டும் கேட்டுவிட்டு விடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மேடாக்ஸ் என்பவர் தொகுத்த கேள்விகள் உண்டு. இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா. பெயரும் பிறந்த நாளும் கேட்டால் பையன் சரியாகவே சொல்லிவிடுவான், அதை நம்பாதீர்கள்.

---

விசில்_மாஸ்டர் (பதிவு 19)

நான்தான் அந்த பி.டி. மாஸ்டர். இந்த இழைக்காகவே உறுப்பினர் ஆனேன்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகப் 'பொறி கலங்கிடும்' என்ற சொல்லை நான் பிள்ளைகளை மிரட்ட மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் இன்றைக்குக் காலையில் வரிசையில் நிற்க வைத்து, "யாருக்காச்சும் தலையில அடிபட்டுப் பொறி கலங்கின மாதிரி இருந்திருக்கா?" என்று கேட்டதும் எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். அடிக்க மாட்டேன்டா என்று சொல்லிப் புரிய வைக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் கடைசி வரிசையில் ஒரு கை மெதுவாக எழுந்தது. அன்றைக்கு முட்டிக்கொண்டவன் இல்லை, இவன் வேறு. கால்பந்து ஆடுகிற எட்டாம் வகுப்புப் பையன். "எப்படா?" என்றேன். "திங்கக்கெழம சார், கோல் போஸ்ட்ல இடிச்சேன். போர்டு ரெண்டு ரெண்டா தெரியுது. கணக்கு சார் கிட்ட கண்ணாடி போடணும்னு சொல்லிட்டேன்."

இன்றைக்கு வியாழன். புதன்கிழமை மேட்சில் முழு ஆட்டமும் ஆடியிருக்கிறான், நான்தான் இறக்கிவிட்டேன். டாக்டர் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். மைதானம் சொன்னான். நேற்று யாரோடு ஆடினோம் என்றதற்குப் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்தான்.

அவன் அப்பா வந்துகொண்டிருக்கிறார், மருத்துவமனைக்கு நானும் கூடப் போகிறேன். ஏட்டுக்கணக்கன் சார், துண்டறிக்கையில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: 'இன்றைக்கு அடிபட்டவனை மட்டும் கேட்காதே, இந்த வாரம் அடிபட்டவன் யாரென்றும் கேள்.'